ஒருவர் காலுக்கு ஒரு செருப்பு

கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக உளி பிடித்துவரும் குடும்பங்களுக்கு இது தகுதியான சிறப்பேயாகும். அச்சிற்பியர் மரத்துண்டை முன்னே இருத்தி, கொட்டாப்புளியால் தட்டித் தட்டி உருவத்தை வெளிக்கொணர்வதை அருகிருந்து பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். அவர்களது தொழில் கழித்தல் தொழில். வேண்டாதது எதுவோ அதனைச் செதுக்கி நீக்குகிறார்கள். எஞ்சி நிற்பது சிற்பம். ஒருமுறை நீக்கியதை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. ஆதலின்தான் அந்தக் கைக்கு அத்தனை ஆண்டுப் பயிற்சி வேண்டியிருக்கிறது.

கடந்த நாற்பது ஆண்டுகளாக உலகில் மற்றொரு முறை வளர்ந்து வந்துள்ளது. அது கூட்டல் முறை. பொருளைச் சிறிது சிறிதாக, அடுக்கின்மேல் அடுக்காக வைத்து உருவத்தை எழுப்புவது. இதனை முப்பரிமாண அச்சு என்பர். நம் இல்லத்து இளைஞரைக் கேட்டால் ‘திரீ-டி பிரிண்டிங்’ என்பார்கள். காகிதத்தில் எழுத்தை அச்சிடுவதுபோலத் திண்ணிய பொருளையே அச்சிட்டு எடுப்பதால் இப்பெயர் வந்தது.

இது எவ்வாறு நடைபெறுகிறது? கல்வராயன் மலையின் நிலஅளவை வரைபடத்தைப் பார்த்திருப்பவர்கள் அதில் வளைந்து வளைந்து செல்லும் மெல்லிய கோடுகளைக் கவனித்திருப்பார்கள். ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள் அவை. ஒவ்வொரு கோட்டின் வடிவத்தையும் அட்டையில் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். மேசைமேல் ஒரு சிறு கல்வராயன் மலை எழுந்துவிடும். 1892-ஆம் ஆண்டிலேயே பிளாந்தர் என்பவர் மெழுகுத் தகடுகளை இவ்வாறு அடுக்கி நிலத்தின் மேடுபள்ளங்களைப் படிமமாக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்றைய இயந்திரம் செய்வதும் அடிப்படையில் அதுவே. அட்டைக்குப் பதிலாக மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்கு கனமுள்ள அடுக்கு. கத்தரிக்கோலுக்குப் பதிலாகக் கணிப்பொறி.

முதலில் பொருளின் வடிவம் எண்களாக்கப்படுகிறது. கணிப்பொறித் திரையில் புதிதாக வரையலாம். அல்லது முன்னரே இருக்கும் பொருளைச் சுற்றி ஒளியைப் பாய்ச்சி, அதன் மேற்பரப்பிலுள்ள ஆயிரமாயிரம் புள்ளிகளின் இடத்தை அளந்துகொள்ளலாம். அப்புள்ளிகளை இணைத்துச் சிறுசிறு முக்கோணங்களால் ஆன ஒரு தோல்போலப் பொருளின் வடிவம் கணிப்பொறியில் உருவாகிறது. பின்பு அதனைக் கிடைமட்டமாகச் சீவுகிறார்கள். ஒவ்வொரு சீவலின் ஓரத்தையும் இயந்திரத்தின் மூக்கு பின்பற்றி நகர்கிறது. நம் வீடுகளில் முறுக்குப் பிழிவதைப் போன்றதே இது. ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் இளகிய பிளாஸ்டிக் இழை, அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையின் வழியே பிழியப்படுகிறது; உடனே இறுகிவிடுகிறது; அதன்மேல் அடுத்த சுற்று. உள்ளங்கையளவு பொருள் முடிவதற்கே சில மணி நேரம் பிடிக்கும். பொறுமையில்லாதவர்களுக்கு ஏற்ற இயந்திரமன்று.

1981-இல் ஜப்பானிய நகரான நகோயாவில் கோடாமா என்பவர் ஒளி பட்டால் இறுகும் பிசினை அடுக்கடுக்காக்கி உருவம் செய்யும் முறையை வெளியிட்டார். 1983-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹல் அதே வகையில் ஒரு சிறு கிண்ணத்தைச் செய்து முடித்து, 1986-இல் காப்புரிமை பெற்றார். பிழியும் முறையைக் கண்டவர் ஸ்காட் கிரம்ப். அவருடைய காப்புரிமை 2009-இல் காலாவதியான பின்னரே இயந்திரத்தின் விலை சரிந்து, பள்ளிக்கூடங்களும் சிறு பட்டறைகளும் வாங்கத்தக்க நிலைக்கு வந்தது. காப்புரிமை என்னும் பூட்டு ஒரு கருவியை ஏழைகளிடமிருந்து எத்தனை காலம் விலக்கி வைக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

நம் நாட்டிலும் இம்முறை வேரூன்றிவிட்டது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 600 சதுர அடிப் பரப்புள்ள வீடொன்றைக் காங்கிரீட்டால் அச்சிட்டுக் கட்டினர். 2021 ஏப்ரலில் அது திறந்து வைக்கப்பட்டது. பெங்களூரில் 1,021 சதுர அடி அஞ்சலகம் ஒன்றரை மாதத்திற்குள் எழுந்து 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த அக்னிகுல் நிறுவனத்தார், ஒரே துண்டாக அச்சிடப்பட்ட இயந்திரம் பொருத்திய ஏவுகலத்தை 2024 மே 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவினர். இவையெல்லாம் நாளிதழ்களில் பெரிய எழுத்தில் வந்த செய்திகள். நாம் இங்கே பேச விரும்புவதோ ஒரு செருப்பைப் பற்றி.

அதற்குமுன் ஒரு சொல். நம் கோவில் பீடங்களில் நிற்கும் சுரூபங்களுள் பெரும்பாலானவை அச்சில் வார்த்தவை. அடுத்தடுத்த பத்து ஊர்களில் அதே முகம், அதே மடிப்புடைய அங்கி, அதே லீலி மலருடன் பதுவைப் புனித அந்தோணியார் நிற்பதைக் கண்டு நாம் புன்னகைத்ததுண்டு. அதில் குற்றமில்லை, ஏழைப் பங்கிற்கு மலிவான சுரூபமே இயலும். ஆனால் வார்ப்பச்சின் இயல்பை இது நமக்குக் காட்டுகிறது. அச்சு செய்வதற்கு மிகுந்த செலவாகும். பிளாஸ்டிக் பொருள்களுக்கான எஃகு அச்சு இலட்சக்கணக்கில் விலை பெறும். ஒரே வடிவத்தில் ஆயிரம், பதினாயிரம் என வார்த்தெடுத்தால்தான் போட்ட முதல் திரும்பும். ஆகவே பலருக்கும் பொதுவாகப் பொருந்துவதையே தொழிற்சாலை செய்கிறது. ஒரே ஒருவருக்கு மட்டும் வேண்டிய வடிவத்தைச் செய்ய அங்கே யாருமில்லை.

முப்பரிமாண அச்சில் வார்ப்பச்சு கிடையாது. எண்களை மாற்றினால் வடிவம் மாறிவிடும். நூறு பொருளை நூறு வடிவத்தில் செய்வதும், ஒரே வடிவத்தில் செய்வதும் அதற்கு ஏறத்தாழ ஒரே செலவுதான். இதன் மெய்யான பயன் எங்கே இருக்கிறதென்பது இதிலிருந்தே தெரிகிறது. இன்று செவிக்குள் பொருத்தும் கேட்புக் கருவிகளின் கூடு பெரும்பாலும் இம்முறையிலேயே செய்யப்படுகிறது. ஏனெனில் ஒருவர் காதுபோல் மற்றொருவர் காது இருப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் ரிச்சர்டு வான் ஆஸ் என்னும் தச்சர் 2011-இல் மரம் அறுக்கும்போது விரல்களை இழந்தார். வேடிக்கைக்காக இயந்திரக் கை ஒன்றைச் செய்து காட்டியிருந்த ஐவன் ஓவன் என்னும் அமெரிக்கரைத் தேடிப் பிடித்தார். கடல் கடந்து இருவரும் எண்களைப் பரிமாறிக்கொண்டு வேலை செய்து, விரல்களின்றிப் பிறந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் கை செய்து கொடுத்தார்கள். பின்பு, 2013-இல், அதன் வரைவை யாவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். குழந்தை வளரும்போது அதே எண்களைச் சற்றுப் பெருக்கினால் அடுத்த அளவுக் கை கிடைத்துவிடும்.

நிற்க. நம் மரச்சிற்பியர் இதைக் கேட்டு அஞ்சுவது இயல்பு. கணிப்பொறி காட்டும் வழியே மரத்தைக் குடையும் இயந்திரங்கள் தமிழகத்துப் பட்டறைகளுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டன. ஒரு கலைஞன் பல வாரம் செதுக்கிய உருவத்தை அளந்து எண்களாக்கிவிட்டால், அதன் நகல்களை இயந்திரம் இரவும் பகலும் குடைந்து தள்ளும். நம் கருத்து இதுவே: இயந்திரம் குடைந்ததை இயந்திரம் குடைந்தது என்று சொல்லியே விற்க வேண்டும்; எண்களாக்கப்பட்ட உருவத்திற்கு உரிய கூலி, அதனை முதலில் செதுக்கியவனுக்குச் சேர வேண்டும். இவ்விரண்டும் இல்லையெனில், புவிசார் குறியீடு பெட்டியின்மேல் ஒட்டிய தாளாகவே நின்றுவிடும். சிற்பியரைப் பற்றிப் பின்னும் ஒரு சொல் உண்டு; அதற்கு முன் மலையேறுவோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாக, கோமுகி அணையைக் கடந்து ஏறினால் வெள்ளிமலை. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு, கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடமாக இவ்வூர் விளங்குகிறது. இங்கு வாழ்பவர்களுள் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். சாமையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காயும் தேனும் சேகரித்து வாழ்பவர்கள். ஜாகீர்தார்களின் ஆளுகை இம்மலையில் முடிவுற்றதே 1976-இல்தான். எனவே சமவெளியில் என்றோ வந்துவிட்ட சாலையும் மருத்துவமும் இங்குக் காலந்தாழ்ந்தே வந்தன. வெள்ளிமலைக்குப் பேருந்து உண்டு. ஆயினும் உள்ளடங்கிய சிற்றூர்களில் இன்றும் கால்தான் வாகனம். கல்லும் முள்ளும் சேறும் மிதித்து நடக்கும் அந்தக் காலே குடும்பத்தின் முதலாகும். அது போயிற்றென்றால் கொல்லைக்காடு போயிற்று.

அந்தக் காலுக்கு ஓர் ஆபத்து வந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த நாடு தழுவிய ஆய்வு, நீரிழிவு உடையவர்கள் இந்தியாவில் 10 கோடியே 10 இலட்சம் பேர் என்று 2023-இல் கணக்கிட்டது. நீரிழிவு ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாதிருந்தால் கால் நரம்புகள் செயலிழக்கும், உள்ளங்கால் மரத்துப்போகும். பின்பு முள் தைத்தாலும் தெரியாது. செருப்பினுள் கிடக்கும் கூழாங்கல்லும் உறுத்தாது. புண் தோன்றி, ஆழமாகி, எலும்பைத் தொட்ட பிறகே துர்நாற்றத்தால் அறிவார்கள். நோயாளரைச் சந்திக்கச் செல்லுமிடங்களில், திண்ணையில் துணி சுற்றிய காலை நீட்டி அமர்ந்திருப்போரை நாம் காண்கிறோம். “வலியே இல்லை, சாமி” என்று அவர்கள் ஆறுதலாகச் சொல்லும்போது நெஞ்சம் பதறுகிறது. வலி இல்லாததுதான் அங்கு நோயே.

இவ்வுண்மையை உலகிற்கு எடுத்துரைத்த மருத்துவர் நம் பக்கத்து மலையில் வளர்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. பால் பிராண்டு 1914-இல் பிறந்தவர். பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் கொல்லிமலையில் ஊழியம் செய்த பிராட்டஸ்டண்டு மிஷனரிகள். தந்தை 1929-இல் காய்ச்சலால் மறைந்தார். தாய் எவலின் அம்மையாரோ பணியிலிருந்து ஓய்வு பெறும் வயதில் ஓய மறுத்து, நம் கல்வராயன் மலைக்கும் வந்து மக்களிடையே வாழ்ந்தார். 1974-இல் 95-ஆம் வயதில் காலமானார். மகன் மருத்துவம் பயிலுமுன் இலண்டனில் தச்சும் கொத்துவேலையும் கற்றவர். அந்தத் தச்சர் கை, பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைக்குப் பயன்பட்டது.

தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயினால் தாமே அழுகி உதிர்வதாகவே அக்காலத்தில் பலரும் எண்ணினர். உணர்ச்சி இழந்த உறுப்பு, உணராத காயங்களாலேயே அழிகிறது என்பதை அவர் நிறுவினார். பெரிய காயம்கூட வேண்டியதில்லை. பாதத்தில் ஒரே இடத்தில் ஒவ்வோர் அடியிலும் மிகுதியாக விழும் அழுத்தமே போதும். நலமுள்ளவர் தம்மையறியாமல் நடையை மாற்றி அவ்விடத்தைக் காப்பார். உணர்ச்சியற்றவர் அதே இடத்தை மீண்டும் மீண்டும் மிதிப்பார். ஆதலின் மருந்தைப்போலவே செருப்பும் முக்கியமாயிற்று. வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் மெல்லிய நுண்துளை ரப்பரால் உள்ளடி செய்த செருப்புகள் உருவாயின. அரசு மருத்துவமனைகளில் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று இன்றும் வழங்குவது அந்த வழி வந்ததே. பின்பு அவர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்று, சாயம் அடைத்த நுண்குமிழ்கள் பொதிந்த காலுறையைத் தம் குழுவினரோடு உருவாக்கினார். அதை அணிந்து நடந்தால், அழுத்தம் மிகுந்த இடத்தில் குமிழ் உடைந்து நிறம் மாறும். உணர்ச்சியற்ற பாதம் தன் துன்பத்தைச் சொல்வதற்கு அவர் அளித்த நாக்கு என்றே அதைக் கூறலாம்.

பால் பிராண்டு 2003-இல் மறைந்தார். அவர் கண்ட கொள்கை இன்றும் மாறவில்லை. செய்யும் கருவி மாறிவருகிறது. பாதத்தை ஒளியால் அளந்து அதன் மேடுபள்ளத்தை எண்களாக்கலாம். அழுத்தமானிப் பலகைமேல் நடக்கச் செய்து, எந்த இடம் எவ்வளவு சுமக்கிறது என்று அறியலாம். இவ்விரண்டையும் சேர்த்து அந்த ஒரு பாதத்திற்கு மட்டும் உரிய உள்ளடியை வடித்து அச்சிடலாம். இதில் ஒரு நுட்பம் நம்மைக் கவர்ந்தது. அச்சிட்ட பொருளின் உட்புறம் முழுத் திண்மமாக இருப்பதில்லை. மலைத்தேன் எடுப்போர் அறிந்த தேன்கூட்டைப்போல் அறை அறையாக இருக்கும். அறைகள் நெருங்கினால் கடினம், விரிந்தால் மென்மை. எனவே ஒரே பொருளால், ஒரே அச்சில், புண் வரக்கூடிய இடத்தின்கீழ் மென்மையாகவும் மற்ற இடத்தில் உறுதியாகவும் உள்ளடியைச் செய்ய இயலும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர், கர்நாடக அரசின் நாளமில்லாச் சுரப்பியியல் நிறுவனத்தாரோடு சேர்ந்து, இன்னும் ஒருபடி மேலே சென்று ஒரு செருப்பை 2022-இல் அறிவித்தனர். அதில் சிறு வளைவுகள் அச்சிடப்பட்டுள்ளன. ஓரிடத்தில் அழுத்தம் எல்லை மீறினால் அவ்வளைவு ‘டக்’கென்று உட்புறம் மடங்கி, சுமையை அக்கம்பக்கத்திற்கு மாற்றிவிடும், காலை எடுத்ததும் பழைய நிலைக்கு மீளும். மின்கலமும் இல்லை, கம்பியும் இல்லை.

இதைப் படித்தவுடன் ‘நம் ஊருக்கும் ஒன்று வாங்கலாமே’ என்று எண்ணும் நல்லுள்ளங்கள் உண்டு. அவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லியாக வேண்டும். இவ்வியந்திரங்களில் மிகுதியாகப் பயன்படும் மலிவான இழை, மக்காச்சோளம், கரும்பு, மரவள்ளி ஆகியவற்றின் மாவுப்பொருளிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் பெறத்தக்கது. மூன்றும் நம் வட்டாரத்தில் விளைபவையே. ஆயினும் ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் அது இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் பாறைமேல் விட்டுவைக்கும் செருப்புக்கு அது உதவாது. வளைந்து கொடுக்கும் வேறு இழை வேண்டும். அடுக்குகளின் இணைப்பில் பொருள் பிளந்துபோவதும் உண்டு. அன்றியும் எல்லோருக்கும் இது தேவையுமில்லை. பாதத்தின் வடிவம் கெடாதவர்களுக்கு மென்மையான ஆயத்தச் செருப்பே போதும். விரல் மடங்கியோர், முன்னரே புண் வந்து ஆறியோர், விரலொன்றை இழந்தோர், இவர்களுக்கே அளவெடுத்த உள்ளடி வேண்டும். அதுவும் அழகாகப் பொருந்தினால் போதாது. அழுத்தத்தை 30 விழுக்காடேனும் குறைக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டுமென்று பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. திறந்த புண் இருக்கும்போது எந்தச் செருப்பும் மருந்தாகாது. மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் மாவுக்கட்டு இட்டாலும் மறுக்கலாகாது.

ஆக, இயந்திரத்தைவிட அளவெடுப்பவரே அரியவர். அவர் மலையில் இருக்க வேண்டும். இயந்திரம் மலையில் இருக்க வேண்டுமென்பதில்லை. பழைய முறையில் ஒருவர் அளவு கொடுக்க ஒருமுறை, போட்டுப் பார்க்க ஒருமுறை, வாங்கிவர ஒருமுறை என நெடுந்தொலைவு செல்ல வேண்டும். கூலிவேலை செய்பவர் மூன்று நாள் கூலியை இழக்க மாட்டார். இரண்டாம் முறையே நின்றுவிடுவார். எண்களுக்கோ பேருந்துக் கட்டணமில்லை. கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்து வைக்கப்பட்டது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி ஊழியர்கள் வீடு தேடிச் சென்று நீரிழிவு மாத்திரை தருகிறார்கள். மாத்திரை தருபவர் பாதத்தையும் கையில் ஏந்திப் பார்ப்பாராயின் பாதி வேலை முடிந்தது. சிற்பியர் வீட்டுப் பிள்ளைகளை இங்கே நினைக்கிறோம். மேடுபள்ளத்தைக் கண்ணாலும் விரலாலும் அறியப் பழகிய தலைமுறை அது. எந்த இடத்தை ஒரு நூலளவு தாழ்த்த வேண்டும் என்று திரையில் வடிவத்தைத் திருத்தும் பணிக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? பட்டறையில் கூலி குறைந்துவரும் நாளில், இது அவர்கள் கைக்குக் கண்ணியமான இன்னொரு வேலையாகவும் அமையக்கூடும். இதற்கான பயிற்சியைத் தொழிற்பயிற்சி நிலையங்கள் தொடங்கும்படி கேட்க வேண்டியவர்கள் நாமே.

அதுவரை இல்லத்தில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நரம்பின் நிலையை அறிய மருத்துவர்கள் பயன்படுத்துவது விலையுயர்ந்த கருவியன்று. ஒரு நைலான் இழைதான். அதனைப் பாதத்தில் வைத்து அழுத்தினால் சரியாக 10 கிராம் விசையில் வளையும். கண்ணை மூடியிருப்பவர் தொடுவதை உணராவிடில், பாதம் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். அடுத்த முறை நீரிழிவு மருந்து வாங்கச் செல்லும்போது இச்சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இரவில் செபம் முடிந்ததும், வீட்டுப் பெரியவர்களின் உள்ளங்காலை விளக்கொளியில் பிள்ளைகள் பார்க்கட்டும், விரலிடுக்கையும் பார்க்கட்டும். செருப்பை மாட்டுமுன் கவிழ்த்துத் தட்டுவதையும் அவர்களே கற்பிக்கட்டும். சிவந்த இடம், கொப்புளம், தடித்த தோல், எது கண்டாலும் மறுநாள் காலை முதல் பேருந்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். ‘வலிக்கவில்லையே’ என்று பெரியவர் மறுப்பார், இழுத்துக்கொண்டு போங்கள்.